சிறு காலிபர் ரைஃபிள் குண்டுக்கு வார்ப்பச்சு தேர்ந்தெடுப்பது எப்படி

ஈயக் குண்டு வார்க்கத் தொடங்குபவர்களில் பலர் முதலில் அச்சை வாங்கிவிடுகிறார்கள். அதில் விழும் குண்டு தங்கள் ரைஃபிளுக்குப் பொருந்துகிறதா என்பதை அதன் பிறகுதான் பார்க்கிறார்கள். பெரிய காலிபரில் (காலிபர் என்பது குழலின் உள்விட்டம்; 22 என்றால் ஏறத்தாழ 0.22 அங்குலம்) இந்த வரிசை மாறினாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். 22 காலிபர் போன்ற சிறிய அளவுகளில் அது முடியாது. 500 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) எடையுள்ள குண்டுக்குள் அரை கிரெய்ன் அளவுக்கு ஒரு காற்றுக்குமிழ் சிக்கிக்கொண்டால், அது மொத்த எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 50 கிரெய்ன் குண்டில் அதே குமிழ் நூற்றில் ஒரு பங்காகிவிடுகிறது. விட்டத்தில் வரும் பிழையும் அடிப்பாகத்தில் விழும் சிறு பிசிறும் இதே கணக்கில்தான் பெரிதாகின்றன. ஆகவே துப்பாக்கியை அளப்பதில் தொடங்கி அச்சில் வந்து முடிவதே சரியான வரிசை. அச்சு நிறுவனங்களின் பட்டியலைப் புரட்டுவது கடைசி வேலை.

அளவுகோலைக் கையில் எடுப்பதற்கு முன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதாலேயே குண்டு வார்க்கவும் உரிமை வந்துவிடுவதில்லை. பல நாடுகளில் அதற்குத் தனி அனுமதி வேண்டும், சில நாடுகளில் தனியாருக்கு அனுமதியே கிடையாது. இதை உறுதி செய்துகொள்ளாமல் ஓர் அச்சைக்கூட வாங்கக் கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே விலக்கிவிடலாம். விளிம்பில் அடித்து வெடிக்கும் சாதாரண 22 ரிம்ஃபயர் தோட்டாவில் இருக்கும் குண்டு வேறு வகை. அதன் உடல் தோட்டாக் கூட்டின் வெளிவிட்டத்தளவே இருக்கும். அடிப்பாகம் மட்டும் மெலிந்து கூட்டுக்குள் நுழையும். இக்கட்டுரையில் பேசப்படும் அச்சுகள் எல்லாம் 22 ஹார்னெட், 222 ரெமிங்டன், 223 ரெமிங்டன் போல அடியின் நடுவில் பிரைமர் (அடிபட்டதும் தீப்பற்றி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உள்ள சென்டர்ஃபயர் தோட்டாக்களுக்கானவை. பெயரில் 22 இருப்பதைப் பார்த்துத் தவறான அச்சை வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

குழலை அளத்தல்

பெரும்பாலான 22 சென்டர்ஃபயர் ரைஃபிள்களில் குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டப்பட்ட வரிப்பள்ளங்களுக்கு இடையேயான விட்டம் 0.224 அங்குலம், அதாவது 5.69 மில்லிமீட்டர், பழைய ஹார்னெட் சிலவற்றில் 0.223. பள்ளங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் வரிமேடுகளின் இடைவெளி ஏறத்தாழ 0.219 அங்குலம். இவை காகிதத்தில் உள்ள அளவுகள். உங்கள் குழல் என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம்.

அதை அறியத் தூய மென் ஈயத்தால் குழலைவிடச் சற்றே பருத்த ஒரு துண்டைச் செய்துகொள்ள வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை சரிபார்த்து, குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, குழலைத் துடைத்து இலேசாக எண்ணெய் தடவியபின், ஈயத்துண்டை வாய்ப்பக்கம் வைத்து மரச்சுத்தியலால் தட்டி உள்ளே இறக்க வேண்டும். பிறகு பித்தளைக் கம்பியால் மெல்லத் தள்ள வேண்டும். தள்ளும்போது கை உணர்வதைக் கவனியுங்கள். நல்ல குழலில் எதிர்ப்பு ஒரே சீராக இருக்கும்; திடீரென்று இளகி மறுபடி இறுகினால் அங்கே குழல் அகன்றிருக்கிறது என்று பொருள். வெளியே வந்த துண்டில் துப்பாக்கியின் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் பதிந்திருக்கும். எதிரெதிர் மேடுகளின் மேல் மைக்ரோமீட்டரை வைத்து அளந்தால் பள்ள விட்டம் கிடைக்கும். ஐந்து பள்ளங்கள் உள்ள குழலில் ஒரு மேட்டுக்கு நேரெதிரே மேடு இருக்காது என்பதால் சாதாரண மைக்ரோமீட்டர் தவறான அளவு காட்டும். அதற்கு 'வி' வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். வெர்னியர் காலிப்பர் இந்த வேலைக்குப் போதாது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு எந்தப் பக்கம் என்று தேடும் இடத்தில், அதே அளவு பிழை தரக்கூடிய கருவியால் பயனில்லை.

பள்ள விட்டத்தைவிட முக்கியமானது தொண்டை, அதாவது தோட்டா உட்காரும் குண்டறை முடிந்து வரிகள் தொடங்கும் இடம். வெடிப்பின் முதல் உதையில் குண்டு நேராக உட்காருமா, கோணிக்கொள்ளுமா என்பதை அந்தச் சிறு இடமே தீர்மானிக்கிறது. அதை அளக்க செரோசேஃப் என்ற உலோகக் கலவை இருக்கிறது. ஏறத்தாழ 70 முதல் 88 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும் என்பதால் துப்பாக்கிக்குத் தீங்கு நேராது. குண்டறையில் ஊற்றி இறுகியதும் எடுத்துவிட வேண்டும். முதல் அரை மணி நேரம் சற்றே சுருங்கி, பிறகு மெல்ல விரிந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் குண்டறையின் உண்மையான அளவுக்கு வரும். அப்போது அளப்பதே சரி. கூட்டின் கழுத்து உட்காரும் பகுதியின் விட்டத்தையும் அதே வார்ப்பில் குறித்துக்கொள்ளுங்கள், அது பின்னால் தேவைப்படும்.

விட்டம்

வார்த்த குண்டு பள்ள விட்டத்தைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. சிறுத்துவிட்டால் சூடான வாயு குண்டின் பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். தொண்டை பள்ளத்தைவிட அகலமாக இருந்தால் தொண்டையின் அளவையே பின்பற்றுவது நல்லது. 0.224 பள்ளமும் 0.2255 தொண்டையும் உள்ள ரைஃபிளுக்கு 0.225 குண்டு ஓரளவு சுடும், 0.2255 குண்டு பெரும்பாலும் அதைவிட நன்றாகச் சுடும்.

அச்சிலிருந்து விழும் அளவும் கடைசியாகத் தோட்டாவில் ஏறும் அளவும் ஒன்றல்ல. குண்டை அளவுச்சட்டத்தில் அழுத்தி ஒரே விட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் வழக்கம். ஆகவே தேவைப்படும் அளவைவிட 0.001 அல்லது 0.002 பெரிதாக வார்க்கும் அச்சு வேண்டும். அதற்கும் மேல் நசுக்கினால் குண்டு நீண்டு, வரிகளைப் பற்றும் பட்டைகள் சிதைந்து, கோணலாகும் வாய்ப்பு கூடுகிறது. பெரிதாக விழும் குண்டைச் சிறிதாக்கிவிடலாம். சிறிதாக விழுவதைப் பெரிதாக்க எளிய வழி கிடையாது. அச்சைத் தேய்த்து அகலப்படுத்துவோர் இருக்கிறார்கள், ஆனால் முதல் அச்சில் அதைச் செய்ய வேண்டாம்.

பவுடர் பூச்சு (குண்டின் மேல் பிளாஸ்டிக் தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) பூசப் போகிறவர்கள், அது விட்டத்தில் 0.001 முதல் 0.002 அங்குலம் வரை கூட்டும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பூச்சு மூக்கின் மேலும் ஏறும். வரிமேட்டின் மேல் சவாரி செய்யுமாறு அமைந்த மூக்குள்ள குண்டுக்கு அது இடைஞ்சலாகி, தோட்டா குண்டறைக்குள் முழுதாக உட்காராமல் போகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரிய குண்டு நல்லது என்பதற்கும் எல்லை உண்டு. குண்டேறிய கூட்டின் கழுத்து, குண்டறைக் கழுத்தைவிடத் தெளிவாகச் சிறியதாக இருக்க வேண்டும். வெடிக்கும் கணத்தில் கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமில்லாவிட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். மேலே குறித்துவைக்கச் சொன்ன கழுத்தளவு இதற்காகத்தான்.

முறுக்கும் நீளமும்

அச்சைப் பட்டியலில் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே எல்லோருடைய வழக்கம். ஆனால் குழலின் முறுக்கு, அதாவது அதன் வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பது, எடையைப் பார்ப்பதில்லை, நீளத்தைப் பார்க்கிறது. இங்கிலாந்தின் வுல்விச்சில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃபிரெட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் தந்த சூத்திரம் இதற்கு இன்றும் கைகொடுக்கிறது. குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, அதை 150 ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது தெரிந்துவிடும். எல்லா அளவும் அங்குலத்தில். இதையே திருப்பிப் போட்டால் உங்கள் குழல் தாங்கும் அதிகபட்ச நீளம் கிடைக்கும். 0.224 விட்டத்துக்கு, 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள ஹார்னெட் குழலில் அது ஏறத்தாழ 0.47 அங்குலம், 14 அங்குல முறுக்குள்ள 222-இல் 0.54, 12 அங்குல முறுக்கில் 0.63, 9 அங்குல முறுக்கில் 0.84. சூத்திரம் சற்றே எச்சரிக்கையானது, ஆகையால் விளிம்பில் நிற்கும் குண்டும் பல சமயம் நிலைத்துப் பறக்கும். ஆனால் அதை நம்பிப் பணம் போடத் தேவையில்லை.

இதனால்தான் ஹார்னெட்டுக்கு 44 முதல் 48 கிரெய்ன் வரையுள்ள குட்டைக் குண்டுகளே காலங்காலமாகப் பேசப்படுகின்றன. ஒரே 55 கிரெய்ன் எடையில் தட்டை மூக்குக் குண்டு கூர்மூக்குக் குண்டைவிடக் குட்டையாக இருக்கும். 12 அங்குல முறுக்கில் முன்னது நிலைத்தும் பின்னது தடுமாறியும் பறக்கலாம். பட்டியலில் நீளம் தரப்படாவிட்டால் அச்சு வரைபடத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தவரிடமே கேட்க வேண்டும்.

அப்படியானால் குறைந்த அங்குலத்தில் ஒரு சுற்று முடிக்கும் வேகமான முறுக்கு இருந்தால் எல்லாம் சுலபம் என்று தோன்றும். ஈயத்தில் அது தலைகீழ். வினாடிக்கு 2,000 அடி வேகத்தில் 14 அங்குல முறுக்கிலிருந்து வெளிவரும் குண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளை ஒட்டிச் சுழல்கிறது; 7 அங்குல முறுக்கில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. உள்ளே ஒளிந்திருக்கும் குமிழோ கோணலோ இருந்தால் அவ்வளவு சுழற்சியில் அது இலக்கில் சிதறலாகத் தெரிந்துவிடும். மென்மையான ஈயம் வரிகளைப் பற்றிக்கொள்ள முடியாமல் வழுக்கவும் செய்யும். 12 அல்லது 14 அங்குல முறுக்கு வார்த்த குண்டுக்கு இணக்கமானது. 7 அங்குல முறுக்குள்ள 223 வைத்திருப்பவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டுமே இந்த வேலையில் இறங்க வேண்டும் என்பது என் கருத்து. 8 அங்குலத்தை ஒட்டிய முறுக்கும் நீண்ட குண்டும் சேர்ந்த 6.5 மில்லிமீட்டர் பழைய ராணுவ ரைஃபிள்கள் வார்ப்பாளர்களிடையே கெட்ட பெயர் எடுத்ததும் இதே காரணத்தால்தான்.

அடியும் மூக்கும்

அடிப்பாகத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இந்தக் காலிபரில் கேஸ் செக் பொருத்தும் அச்சையே வாங்குங்கள். குண்டின் அடியில் கவிழ்த்து அழுத்தப்படும் சிறு செப்புத் தொப்பி அது. சூடான வாயுவிலிருந்து அடியின் விளிம்பைக் காப்பதோடு, மேல்தகடு (அச்சின் மேலே உள்ள துளையிட்ட தகடு; அதன் வழியே ஈயம் ஊற்றி, இறுகியதும் அதைச் சுழற்றி மிஞ்சிய ஈயத்தை வெட்டுவார்கள்) வெட்டிய இடத்தின் குறைகளையும் ஓரளவு மறைத்துவிடுகிறது. தொப்பி ஏறுவதற்காக அச்சில் ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். அந்தப் படி மெலிந்திருந்தால் தொப்பி கழன்றுவிடும், பருத்திருந்தால் கோணலாக ஏறும். தட்டையான வெற்றடி மிகக் குறைந்த வேகத்துக்கு மட்டும் சரி. சரிவாகச் செதுக்கிய அடி ரைஃபிளுக்கு வேண்டவே வேண்டாம்.

மூக்கில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்றில் குண்டின் முன்பாதி 0.219 அளவில் மெலிந்து வரிமேடுகளின் மேல் சவாரி செய்யும். மூக்கு மேட்டளவுக்குச் சரியாக இருந்தால் அது குண்டை நேராக வழிநடத்தும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வழிகாட்டியே இல்லாததுபோல் ஆகிவிடும். மற்றொன்று லவரின் வகை: மூக்கின் அருகிலிருந்தே பல குறுகிய பட்டைகளும் மசகுப் பள்ளங்களுமாக உடல் முழுவதும் பள்ள விட்டத்தில் இருக்கும். குழலின் மேட்டளவு பட்டியல் அளவிலிருந்து விலகியிருக்கும் பழைய துப்பாக்கிக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். கூர்மூக்குக் குண்டு பார்க்க அழகு. ஆனால் அச்சின் அடியாழத்தில் இருக்கும் அந்த ஊசி முனையை ஈயம் நிரப்பத் தயங்கும், நிரம்பினாலும் கையாளும்போது எளிதில் வளையும். குழாய் மேகசின் உள்ள துப்பாக்கிக்குத் தட்டை மூக்கு மட்டுமே. ஒரு தோட்டாவின் முனை முன்னால் உள்ளதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அமைப்பு அது.

அச்சின் உலோகமும் குழிகளின் எண்ணிக்கையும்

சிறு காலிபருக்கே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அச்சு ஒவ்வொரு முறையும் சூட்டைப் பெறுவது ஊற்றப்படும் ஈயத்திலிருந்துதான். 50 கிரெய்ன் என்பது வெறும் 3.24 கிராம். 500 கிரெய்ன் குண்டை வார்க்கும் அச்சுக்குக் கிடைக்கும் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் இதற்குக் கிடைக்கிறது. அச்சுக் கட்டையோ ஏறக்குறைய அதே பருமன், குழி சிறியது என்பதால் உலோகம் இன்னும் சற்றுக் கூடுதல். எனவே அச்சு ஓயாமல் குளிர்ந்துகொண்டே இருக்கும், குண்டுகள் சுருக்கம் விழுந்து, விளிம்புகள் மழுங்கி வரும்.

இதைக் கருத்தில் கொண்டு பார்த்தால், விலை மலிவு என்று ஒற்றைக் குழி அச்சை வாங்குவது சிறு காலிபரில் சரியான சிக்கனம் அல்ல. இரண்டு குழிகள் குறைந்தபட்சம். ஆறு குழி அச்சில் ஒரு முறைக்கு 300 கிரெய்னுக்கு மேல் ஈயம் இறங்குவதால் சூடு நன்றாக நிலைக்கும், ஆனால் முதல் குழியை ஊற்றி ஆறாவதற்கு வருவதற்குள் வேகம் ஒரே சீராக இருக்கக் கை பழகியிருக்க வேண்டும். நான்கு குழி நல்ல நடுவழி.

உலோகத்தைப் பொறுத்தவரை, அலுமினியம் விரைவில் சூடேறும், எடை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் மென்மையானது, இரு பாதிகளையும் நேராகச் சேர்க்கும் பொருத்து ஊசிகளும் விளிம்புகளும் முரட்டுக் கையில் விரைவில் தேயும். வார்ப்பிரும்பு தலைமுறைகளைத் தாண்டும், சூட்டையும் நன்றாகப் பிடித்துவைக்கும். அந்தச் சூட்டை முதலில் ஏற்றுவதுதான் சிறு குண்டோடு பெரும் பாடு, அதோடு எண்ணெய் பூசி வைக்காவிட்டால் துரு ஏறும். பித்தளை இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது: துருப்பிடிக்காது, அளவில் மிகத் துல்லியமாகக் கடையலாம், ஆனால் கனமும் விலையும் அதிகம். 22 காலிபருக்கு முதல் அச்சாக இரண்டு குழி அலுமினியமும், வேலை பிடித்துப்போன பின் நான்கு குழி பித்தளையும் என்பதே என் வரிசை. எதை வாங்கினாலும் மின் அடுப்பின் தட்டில் வைத்து முன்கூட்டியே சூடேற்றுவது சிறு காலிபரில் கட்டாயம் என்றே கொள்ளலாம். கைப்பிடி அச்சுடன் வருகிறதா என்பதையும் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் கைப்பிடி இன்னொன்றின் கட்டைக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

கலவையும் பட்டியல் எண்களும்

அச்சு எந்தக் கலவைக்காக வெட்டப்பட்டது என்பதைக் கேட்காமல் அதன் மேல் பொறித்த விட்டத்தை நம்பக் கூடாது. தூய ஈயம் குளிரும்போது அதிகம் சுருங்கும். ஆன்டிமனி கூடக் கூடச் சுருக்கம் குறைந்து குண்டு பெரிதாக விழும். லைமன் நிறுவனம் தன் அச்சுகளுக்கு அளவுகோலாக வைப்பது 90 விழுக்காடு ஈயமும் 5 விழுக்காடு வெள்ளீயமும் 5 விழுக்காடு ஆன்டிமனியும் கொண்ட 2-ஆம் எண் கலவை. பழைய அச்சகங்களின் லைனோடைப் உலோகத்தில் ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 விழுக்காடு. அதில் வார்த்தால் அதே அச்சு சற்றே பருத்த, எடை குறைந்த, கடினமான குண்டைத் தரும். குறைந்த சூட்டில் உருகி மூலைமுடுக்கெல்லாம் பாயும் என்பதால் சிறு காலிபருக்கு லைனோடைப் மிகப் பொருத்தம், விலைதான் தடை. வண்டிச் சக்கரங்களைச் சமன்படுத்தப் பொருத்தும் சக்கர எடைகளை உருக்குபவர்கள் துத்தநாக எடைகளை முன்பே பொறுக்கி எடுத்துவிட வேண்டும், அது கலந்த ஈயம் சிறு குழிகளை நிரப்பவே மறுக்கும்.

பட்டியல் எண்களைப் படிப்பது எளிது. லைமனின் 225415 என்பதில் முதல் மூன்று இலக்கங்கள் 0.225 அங்குல விட்டம், மீதி மூன்றும் வடிவ எண். எடை அதில் இல்லை. லீ நிறுவனத்தின் எண்களில் முன்னால் 'சி' இருந்தால் கேஸ் செக் அடி, அடுத்து விட்டம், எடை, மூக்கின் வகை. ஆர்சிபிஎஸ் நிறுவனம் முதலில் காலிபரையும் பிறகு எடையையும் தரும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

அச்சை மூடி விளக்குக்கு எதிரே பிடியுங்கள். இரு பாதிகளும் சேரும் கோட்டில் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. தெரிந்தால் முகத்தில் ஒட்டிய ஈயத் துணுக்கோ, ஊசித் துளையருகே எழும்பிய பிசிறோ காரணமாக இருக்கும். அவை இல்லாமலும் கீற்று தெரிந்தால் அந்த அச்சை விட்டுவிடுங்கள். காற்று வெளியேறுவதற்கான மெல்லிய கீறல்கள் குழியின் விளிம்பு வரை தடையின்றி ஓட வேண்டும். மேல்தகடு தன் எடையிலேயே சுழலும் அளவுக்குத் தளர்ந்தும், ஆடாமல் முழுப் பரப்பிலும் படிந்தும் இருக்க வேண்டும். அதன் துளை குண்டின் அடிக்கு நடுவில் இருக்கிறதா, வெட்டும் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்பதை உருப்பெருக்கி வைத்தே பாருங்கள். இந்த அளவுக் குண்டில் துளை பெரிதாக இருந்தால் வெட்டும்போது அடிப்பாகத்தில் பாதியைப் பிய்த்துக்கொண்டு வரும்.

பழைய அச்சு வாங்கும்போது கூடுதலாக இரண்டு தடயங்களைத் தேட வேண்டும். ஒன்று, குழியின் உள்ளே துருக்குழிகள். அவை குண்டை விழவிடாமல் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று, குண்டு விழாத கோபத்தில் முந்தையவர் கட்டையையே தட்டியதன் வடு. நிறம் மாறிய இரும்பு அச்சை ஒதுக்க வேண்டாம். அது பெரும்பாலும் நன்றாக வார்த்த அச்சின் அடையாளம்.

கடைசியாக, திருப்பித் தரும் அவகாசம் முடிவதற்குள் வார்த்துப் பார்த்துவிட வேண்டும். எண்ணெயை முற்றாகக் கழுவி, அச்சைச் சூடாக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து வார்க்க வேண்டும். ஒரு துளி நீர் உருகிய ஈயத்துக்குள் போனாலும் அது ஆவியாகி ஈயத்தை வாரி இறைக்கும் என்பதையும், வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது என்பதையும் மறக்கலாகாது. சுருக்கமின்றி வந்த குண்டுகளைக் குழிவாரியாகப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றையும் சேரும் கோட்டின் மேலும் அதற்குக் குறுக்காகவும் அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் 0.001 அங்குலம் வரை வேறுபாடு இருந்தால் அளவுச்சட்டம் சரிசெய்துவிடும். குறைந்த அளவே நீங்கள் தேடிய விட்டத்துக்குக் கீழே இருந்தால், கடினமான கலவையில் ஒருமுறை முயன்று பார்த்து, அப்போதும் எட்டாவிட்டால் அச்சைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.